டிராகுலாவைப் படைத்தவர்

இரவில் சவப்பெட்டியில் இருந்து எழுந்து வரும். மனித ரத்தத்தைக் குடிக்கும். அந்தக் காட்டேரியின் பெயர் டிராகுலா.

டிராகுலாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால், அந்தக் கதையை எழுதியவரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அவர்தான் பிராம் ஸ்டோக்கர்.

படுக்கையில் கிடந்த சிறுவன்

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரை அடுத்த கிளான்டார்ப் என்ற ஊரில், 1847-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி ஸ்டோக்கர் பிறந்தார்.

7 வயது வரை அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தாயார் சார்லட் அவருக்குக் கதைகள் சொல்வார். 1832-ம் ஆண்டு, தாயார் சிறுமியாக இருந்தபோது, அவருடைய ஊரில் காலரா பரவியது. பலர் மாண்டனர். உயிர் போகும் முன்பே சிலரைப் புதைத்துவிட்டதாக ஊரில் பேச்சு! இதை எல்லாம் தாயார் சொல்ல, சிறுவன் கேட்டான்.

பிறகு நோய் தீர்ந்தது. எழுந்து நடக்க முடியாமல் இருந்த அந்தச் சிறுவன், கல்லூரியில் விளையாட்டு வீரன் ஆனான்!

நடிகரின் மானேஜர்

ஸ்டோக்கருக்கு சர்க்கார் வேலை கிடைத்தது. அப்போது ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகரின் நட்பு ஏற்பட்டது. 1878-ல் வேலையை விட்டுவிட்டு, புது மனைவி புளோரன்சுடன் லண்டனுக்குப் போனார். இர்விங்கின் நாடகக் கொட்டகைக்கு மானேஜர் ஆனார்.

கணக்குப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, ஊர் ஊராகப் போவது — ஓயாத வேலை. கிடைத்த நேரத்தில் கதை எழுதினார். 1897-ல் "டிராகுலா" நாவல் வெளிவந்தது. பலர் பாராட்டினார்கள். பணம் மட்டும் குவியவில்லை.

1905-ல் இர்விங் இறந்தார். ஸ்டோக்கரின் உடலும் நலிந்தது. 1912 ஏப்ரல் 20-ந் தேதி, 64-வது வயதில் காலமானார்.

மனைவியின் வழக்கு

1922-ல் ஜெர்மனியில் "நோஸ்பெராட்டு" என்ற பேசாத படம் வெளிவந்தது. பெயர்களை மாற்றி இருந்தார்கள். ஆனால் கதை, டிராகுலாவின் கதை! புளோரன்சிடம் அனுமதி வாங்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை.

அந்த விதவை சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். படக் கம்பெனி திவால் ஆனது. 1925-ல், படத்தின் பிரதிகளை எல்லாம் அழித்துவிடும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் சில பிரதிகள் தப்பிவிட்டன. சாகாத காட்டேரியின் படமும் சாகவில்லை!

அடுத்து அமெரிக்கப் படக் கம்பெனி, முறைப்படி உரிமை வாங்கியது. 1931-ல் பெலா லுகோசி டிராகுலாவாக நடித்தார். 1958-ல் இங்கிலாந்துப் படத்தில் கிறிஸ்டோபர் லீ நடித்தார். நோஸ்பெராட்டு கதையும் 2024-ல் மறுபடி படமாக வந்தது.

அன்று கூட்டம் கைதட்டியது இர்விங்குக்கு. மானேஜரோ திரைக்குப் பின்னால் நின்றார். அந்த மானேஜர் எழுதிய கதையைத்தான் உலகம் இன்றும் பார்த்துப் பயப்படுகிறது.