கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தவர்: யார் இந்த ஜானகி அம்மாள்?

பெரம்பலூரை அடுத்த குரும்பலூர் பக்கம் போனா மக்காச்சோளக் காடு கண்ணில் படும். அதே மாவட்டத்தில் எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பும் உண்டு. இரண்டுமே புல் குடும்பம்தான். இந்த இரண்டையும் கலப்பு செய்து 1938-ல் உலகுக்கு அறிவித்தவர் ஜானகி அம்மாள்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. ஆண்களே நிறைந்த இடம். கல்யாணம் செய்துகொள்ளாத அவர் தனியாகவே தாக்குப்பிடித்தார்.

அடுத்து, குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டன். அங்கே சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்தார். 1945-ல் அது புத்தகமாக வந்தது. பார்க்க வெறும் பட்டியல் மாதிரிதான் இருக்கும். ஆனா புது ரகம் உருவாக்குற விஞ்ஞானிக்கு முதல்ல வேண்டியது அந்த எண்தான். எண்கள் பொருந்தலைன்னா, கலப்புச் செடி வளர்ந்தாலும் பெரும்பாலும் விதை பிடிக்காது.

நேருவின் அழைப்பில் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ. அணைத் திட்டத்தால் சைலன்ட் வேலி காடு மூழ்கவிருந்தபோது, 80 வயதை ஒட்டியிருந்த அவர் அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைப் பதிவு செய்ய முடிவெடுத்தார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, காடு தப்பியது. அடுத்த பிப்ரவரியில் அவர் காலமானார்.