மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

உயிர்வேதியியல் படிக்கும் எவரும் ஒரு நாளில் பத்து முறையாவது ஏடிபி என்ற மூன்றெழுத்தைச் சொல்லிவிடுவோம். நாம் ஓடினாலும், சிரித்தாலும், தேர்வு மண்டபத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நம் உயிரணுக்கள் செலவழிக்கும் நாணயம் அதுதான். அது குறையத் தொடங்கினால் உயிரணு நெருக்கடியை உணர்ந்து, வளர்ச்சிக்கான செலவுகளை நிறுத்திக்கொள்கிறது. இந்தப் பாடத்தை மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்று எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. ஒரு மாலை, ஜொகூர் செல்லும் பேருந்துக்காகக் கிராஞ்சி நிலையத்தில் காத்திருந்தபோது தற்செயலாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஆந்திரத்தின் பீமவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அந்த நாள்களில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் அவருடன் பிறந்தவரைப் பறித்தது, அவரையும் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் செய்த உதவியோடு, மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பகலில் படிப்பு; இரவில் மருத்துவமனையில் கடைநிலை வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். இன்றும் அது ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அறியப்படுகிறது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929இல் ஏடிபியும் கிடைத்தது. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு அதைத் தனியே கண்டறிந்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவருடைய வாழ்க்கையின் பெரும் வேலை அங்கேதான் நடந்தது. அவர் தலைமையிலான குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தன் வீட்டையே வாட்டிய ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது.

டிஎன்ஏவை உருவாக்க உயிரணுவுக்கு ஃபோலிக் அமிலம் தேவை. வேகமாகப் பெருகும் புற்றணுவுக்கு இன்னும் அதிகம் தேவை. அப்படியானால் அதைப்போலவே தோற்றம் கொண்ட ஒரு போலியை உள்ளே அனுப்பினால்? சுப்பாராவ் குழு அத்தகைய போலிகளைத் தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற போலியை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு மருந்தே இருந்ததில்லை. அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றின் பெயர் புரூகியா மலாயி. மலாயாவின் பெயரையே சுமக்கும் அந்தப் புழுவை எதிர்க்கும் ஹெட்ரஸான் மருந்தும் சுப்பாராவ் குழுவிலிருந்தே வந்தது.

ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. அந்த ஆகஸ்டில் நியூயார்க்கில் சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். வயது 53. கப்பல் ஏறியவர் ஊர் திரும்பவேயில்லை. மனைவியை மீண்டும் பார்க்கவுமில்லை. இந்தியா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1995இல், நூற்றாண்டின்போதுதான்.

நண்பர்களே, நான் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளிக்குப் போனவன். அறிவியலை மூன்று மொழிகளில் படித்தாயிற்று; எதிலும் இவர் இல்லை. மதிப்பெண்களைக் கணக்கிட்டு, நம்மால் ஆய்வுக்குப் போக முடியுமா என்று தயங்கும் இறுதியாண்டு மாணவர்களில் நானும் ஒருவன். அவர் பட்ட துன்பமெல்லாம் நல்லதற்கே என்று சொல்ல மாட்டேன். அந்த மனைவி காத்திருந்த ஆண்டுகளுக்கு எந்தக் கண்டுபிடிப்பும் ஈடாகாது. ஆனால் மூன்று முறை தேர்வெழுதிய ஒரு மாணவரை அன்று யாரேனும் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்கான விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்பிவிட்டேன்.