ஃபிரான்ஸ் ரூலோ

ஃபிரான்ஸ் ரூலோ (செப்டம்பர் 30, 1829 – ஆகஸ்ட் 20, 1905) ஒரு ஜெர்மானிய இயந்திரப் பொறியியலாளரும் பேராசிரியரும் ஆவார். இயந்திரங்களின் அசைவுகளை ஆராயும் அசைவியல் துறையின் தந்தை என இவர் கருதப்படுகிறார். பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த இயந்திர வடிவமைப்பை வகுப்பறையில் கற்பிக்கத்தக்க அறிவியலாக மாற்ற முயன்றவர்களுள் இவர் முதன்மையானவர். ரூலோ முக்கோணம் என்னும் வடிவம் இவர் பெயரால் அறியப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ரூலோ, பிரஷ்யாவின் ரைன் மாகாணத்தில் ஆகன் நகருக்கு அருகிலுள்ள எஷ்வைலர் என்னும் ஊரில் பிறந்தார். இவரது பாட்டனாரும் தந்தையும் இயந்திரங்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டவர்கள். எனவே, நூல்களின் மூலம் இயந்திரங்களை அறியும் முன்னரே பட்டறையில் அவற்றைக் காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. 1850 முதல் 1852 வரை கார்ல்ஸ்ரூ பல்தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார். அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்த ஃபெர்டினாண்ட் ரெட்டன்பாக்கர், இயந்திரக் கட்டுமானத்தில் கணிதத்தையும் இயற்பியலையும் பயன்படுத்த வேண்டும் என வலியுறுத்தியவர். பின்னர் ரூலோ பெர்லின், பான் பல்கலைக்கழகங்களிலும் கல்வி கற்றார்.

ஆசிரியப் பணி

1854இல் மோல் என்பவருடன் இணைந்து இயந்திர வடிவமைப்பு பற்றிய தமது முதல் நூலை வெளியிட்டார். 1856இல் சூரிச் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த சுவிஸ் கூட்டாட்சிப் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியரானார். 1861இல் வெளிவந்த இவரது கான்ஸ்ட்ரக்டர் என்னும் கையேடு தறையாணி, திருகு, தண்டு, தாங்கி, பற்சக்கரம் முதலிய இயந்திர உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றின் அளவுகளைக் கணக்கிடும் முறைகளை விளக்கியது. பல பதிப்புகளைக் கண்ட இந்நூல் 1893இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

1864இல் பெர்லின் தொழிற்கழகத்தில் இணைந்த ரூலோ 1868இல் அதன் இயக்குநரானார். 1879இல் அந்நிறுவனம் கட்டடக் கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, சார்லட்டன்பர்க் அரச தொழில்நுட்ப உயர்கல்விக்கூடமாக மாறியது. 1890–91ஆம் கல்வியாண்டில் ரூலோ அதன் தலைவராகப் பணியாற்றினார்.

அசைவியல் கோட்பாடு

ரூலோவின் காலத்துக்கு முன்பு, இயந்திர அமைப்புகள் அவை எவ்வகை அசைவை எவ்வகை அசைவாக மாற்றுகின்றன என்பதை வைத்தே வகைப்படுத்தப்பட்டன. சுழற்சியை நேர்கோட்டு அசைவாக மாற்றுவன ஒரு வகை, சுழற்சியைச் சுழற்சியாகவே கடத்துவன மற்றொரு வகை என்றவாறு அப்பட்டியல் நீண்டது. இது ஏற்கெனவே உள்ள இயந்திரங்களை அடுக்கிவைக்க உதவியதேயன்றி, ஓர் இயந்திரம் ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கவில்லை.

1875இல் வெளியான கோட்பாட்டு அசைவியல் என்னும் நூலில் ரூலோ வேறொரு வழியைக் காட்டினார். இயந்திரத்தின் அடிப்படை அலகு தனி உறுப்பு அன்று, ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் இரு உறுப்புகள் சேர்ந்த இணையே என்றார். தாங்கியின்றித் தண்டுக்கும், மரையின்றித் திருகுக்கும் இயந்திரத்தில் பொருளில்லை. இரு உறுப்புகளும் பரப்பால் தொட்டுக்கொண்டால் அது கீழ்நிலை இணை. பற்சக்கரங்களில் உள்ளதுபோல் கோட்டாலோ புள்ளியாலோ தொட்டுக்கொண்டால் அது மேல்நிலை இணை. இணைகள் தொடர்ந்து சேர்ந்து மூடிய சங்கிலியாகின்றன. அச்சங்கிலியின் ஒரு கண்ணியை அசையாமல் நிறுத்தினால் அது ஒரு பொறிமுறையாகிறது.

எந்தக் கண்ணியை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பொறிமுறையும் மாறுகிறது. மூன்று சுழல் இணைகளும் ஒரு வழுக்கு இணையும் கொண்ட நான்கு கண்ணிச் சங்கிலி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் சட்டகத்தை நிறுத்தினால் சாதாரண நீராவி எந்திரத்தின் அமைப்பு கிடைக்கிறது. இணைப்புத் தண்டை நிறுத்தினால் ஊசலாடும் சிலிண்டர் எந்திரமும், கிராங்கை நிறுத்தினால் விட்வொர்த்தின் விரைவு மீள் பொறிமுறையும், வழுக்கியை நிறுத்தினால் கைப்பம்பும் கிடைக்கின்றன. தோற்றத்தில் தொடர்பற்ற நான்கு கருவிகள் உண்மையில் ஒரே சங்கிலியின் வடிவங்கள் என்பது இதனால் விளங்கியது. இந்நூலை அலெக்சாண்டர் கென்னடி 1876இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இரு இணைகோடுகளுக்கிடையே எப்பக்கம் திருப்பினாலும் ஒரே அகலத்துடன் இருக்கும் மூன்று வில்களாலான வடிவமே ரூலோ முக்கோணம். இவ்வடிவம் இவருக்கு முன்பே அறியப்பட்டதாயினும், இயந்திர இணைகளில் அதன் அசைவை விரிவாக ஆராய்ந்தவர் இவரே.

மாதிரி உருக்கள்

அசைவைப் படத்தால் மட்டும் கற்பிக்க இயலாது என்று கருதிய ரூலோ, பெர்லினில் 800க்கும் மேற்பட்ட மாதிரி உருக்களைத் திரட்டினார். குஸ்டாவ் ஃபோய்க்ட் என்பவரின் பட்டறை அவற்றின் படிகளைச் செய்து பிற கல்வி நிறுவனங்களுக்கு விற்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1882இல் ஒரு தொகுதியை வாங்கியது. பெர்லின் தொகுப்பின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. கார்னெலில் எஞ்சிய 200க்கும் மேற்பட்ட மாதிரிகளின் படங்களும் அசைபடங்களும் 2000களில் இணையத்தில் வெளியிடப்பட்டன.

தொழில்துறைப் பங்களிப்பு

1867ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ரூலோ நடுவர்களுள் ஒருவராக இருந்தார். அங்கு நிக்கோலவுஸ் ஓட்டோவும் ஆய்கன் லாங்கனும் காட்சிக்கு வைத்த வளிம எந்திரம் பேரிரைச்சல் எழுப்பியதால் நடுவர்களைக் கவரவில்லை. எந்திரங்கள் உண்ணும் வளிமத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என ரூலோ வற்புறுத்தினார். அளந்தபோது, போட்டி எந்திரங்களுக்குத் தேவைப்பட்டதில் பாதிக்கும் குறைவான வளிமமே அதற்குப் போதுமானதாக இருந்தது. தங்கப் பதக்கம் அதற்கே வழங்கப்பட்டது.

1876இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் சென்ற ரூலோ, நாளிதழுக்கு எழுதிய கடிதங்களில் தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, தரம் குன்றியவை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். விலையைக் குறைத்துப் போட்டியிடுவதை விடுத்துத் தரத்தை உயர்த்த வேண்டும் என்பது அவரது வாதம். அரசின் பிரதிநிதியே இவ்வாறு எழுதியது நாட்டில் பெரும் சினத்தை எழுப்பியது. எனினும், பின்னாளில் ஜெர்மானியத் தொழில்துறை தரத்தின்மீது கொண்ட அக்கறைக்கு இக்கடிதங்களும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றன. 1877ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் உருவாகவும் இவர் குரல் கொடுத்தார். 1881இல் இந்தியாவில் பயணம் செய்து அது குறித்தும் ஒரு நூல் எழுதினார்.

எதிர்ப்பும் இறுதிக் காலமும்

பொறிமுறைகளைக் குறியீடுகளால் எழுதி, வேதியியலில் சேர்மங்களை உருவாக்குவதுபோலப் புதிய இயந்திரங்களையும் முறைப்படி உருவாக்கலாம் என்று ரூலோ நம்பினார். அந்த நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. அவரது குறியீட்டு முறையையும் பிறர் பரவலாக ஏற்கவில்லை. இயந்திரம் அசைந்தால் மட்டும் போதாது. அது விசையைத் தாங்கவேண்டும், உரிய செலவில் செய்யத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்பது எதிர்த்தோரின் வாதம். 1888இல் பெர்லினுக்கு வந்த பேராசிரியர் அலோயிஸ் ரீட்லர் இவர்களுள் முக்கியமானவர். ஆய்வகப் பயிற்சிக்கும் செய்முறைக்கும் முதலிடம் கோரிய அவரது தரப்பின் செல்வாக்கு வளர்ந்தது. ரூலோ 1896இல் ஓய்வு பெற்றார். 1900இல் அசைவியலின் இரண்டாம் தொகுதியை வெளியிட்ட அவர், 1905இல் சார்லட்டன்பர்க்கில் காலமானார்.

அவர் விரும்பிய முழுமையான அறிவியல் உருவாகாவிட்டாலும், இணை, கண்ணி, சங்கிலி, நிலைமாற்றம் ஆகிய அவரது கருத்துகள் நிலைத்துவிட்டன. இயந்திரப் பொறியியல் மாணவர்கள் இயந்திரக் கோட்பாட்டுப் பாடத்தில் தொடக்கத்தில் கற்பவை இவையே. மனித உருவ இயந்திரங்களின் மூட்டுகளைப் பகுத்தாயும் பொறியியலாளர்களும் இக்கருத்துகளையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.