டெஸ்லாவின் சிறு படகு

கல்முனைச் சிறுவன் பெட்டியில் வந்த உறுப்புகளைப் பொருத்தி, வானொலி அலையால் கடற்கரை மணலில் ஓட்டும் பொம்மை யுத்த தாங்கிக்கு மூதாதை ஒன்று உண்டு. அது படகு, செய்தவர் நிக்கோலா டெஸ்லா.

1856இல் ஸ்மிலியான் என்னும் சிற்றூரில் செர்பிய மதகுருவின் மகனாகப் பிறந்தவர், 1884இல் அமெரிக்கா சென்று ஆடலோட்ட மின்சாரத்தால் புகழீட்டினார். அக்கதை யாவரும் அறிந்ததே.

1898இல் நியூயோர்க் பொருட்காட்சியில், நீர்த்தொட்டியில் அப்படகை மிதக்கவிட்டார். அதன் வயிற்றில் மின்கலம், மோட்டார், உலோகத்தூள் அடைத்த சிறு குழாய். அலை பட்டதும் தூள் மின்சாரத்தைக் கடத்தும், சுக்கான் திரும்பும். உடனே குழாய் தலைகீழாகப் புரண்டு, தூள் உதிர்ந்து, அடுத்த ஏவலுக்கு ஆயத்தமாகும். இயக்குபவருக்கும் படகுக்கும் இடையே கம்பியேதும் இல்லை. கண்டோர் மாயமென மயங்கினர்.

நவம்பர் 8இல் காப்புரிமை கிடைத்தது. இதன் அழிவாற்றலுக்கு அஞ்சியே நாடுகள் போரைக் கைவிடும் என அவர் மெய்யாகவே நம்பினார். பேதைமை என்பதா, பெருந்தன்மை என்பதா? அமெரிக்கக் கடற்படையோ அதனை வாங்கவில்லை.

1939-40இல் பின்லாந்துப் போரில் சோவியத் படை ஆளில்லாத் தாங்கிகளை வானொலியால் ஏவியது. டெஸ்லா அப்போது நியூயோர்க் விடுதியொன்றில் முதுமையைக் கழித்துக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 7இல் அவ்விடுதி அறையிலேயே தனியராய் உயிர் நீத்தார்.