கசப்பை வைனுக்குள் வைத்த வியாபாரி: ஜோசப் துபோனே

பாரிஸ் உணவகங்களில் வேலை செய்யும் எம்மவர் பலருக்குத் துபோனே என்பது ஒரு போத்தலின் பெயர். கடுஞ்சிவப்பு நிறம், முதலில் இனிப்பு, பிறகு கசப்பு. பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்டக் குடிக்கும் ‘அப்பெரித்திஃப்’ வகைகளில் அதுவும் ஒன்று. அல்லைப்பிட்டியிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் அகதிகளாகப் போனவர்கள் இன்று அந்தக் கிளாஸைத் தட்டில் ஏந்திச் செல்கிறார்கள். அந்தப் பானம் ஒரு போரின் மருந்தாகத் தொடங்கியது. அதன் கசப்போ எமது மக்களுக்கு வேறு வழியாக அறிமுகமானது.

ஜோசப் துபோனே 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வைன் வியாபாரம் செய்தவர். பிரான்ஸ் வட ஆபிரிக்காவைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1830இல் அல்ஜீரியாவில் இறங்கிய பிரெஞ்சுப் படையில், சண்டையில் இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே அதிகம். மருந்து இல்லாமல் இல்லை. 1820இலேயே பெல்த்தியே, கவந்து என்ற இரு பாரிஸ் மருந்தாளர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 1834இல் அல்ஜீரியாவின் போன் நகரில், பிரான்சுவா மையோ என்ற இராணுவ வைத்தியர் காய்ச்சல் கண்டதுமே குயினைன் கொடுத்துச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். ஆனால் கசப்புத் தாங்காமல் சிப்பாய்கள் அதை விழுங்க மறுத்தார்கள்.

சிப்பாய்கள் குடிக்கத்தக்க விதமாகக் குயினைனைத் தரும்படி அரசு கேட்டதாகவும், 1846இல் துபோனே உருவாக்கிய பானம் அதற்கான விடை என்றும் சொல்லப்படுகிறது. அவர் கையாண்டது வைன்காரரின் முறை. திராட்சைச் சாறு முழுதாகப் புளித்து இனிப்பை இழக்கும் முன்பே அதில் மதுசாரம் சேர்த்தால் இனிப்பு அப்படியே நின்றுவிடும். அதில் சிங்கோனாப் பட்டை, மூலிகைகள், வாசனைத் திரவியங்களை ஊறவைத்தார். எங்கள் வைத்தியர்கள் தரும் திராட்சாரிஷ்டம் இதற்குத் தூரத்து உறவு. அங்கேயும் திராட்சை, கறுவா, ஏலம், மிளகு எல்லாம் சேர்ந்து புளித்துத்தான் மருந்தாகிறது.

துபோனேயின் மனைவிக்கு இந்த மருந்து பிடித்துப்போய், வீட்டுக்கு வந்த சிநேகிதிகளுக்கும் பரிமாறினார் என்று ஒரு கதை உண்டு. அவர் வளர்த்த பூனைதான் போத்தலின் அடையாளம் ஆனது என்பார்கள். எப்படியோ, பாசறையை விட்டு அந்தப் பானம் பாரிஸின் கஃபேக்களுக்குள் வந்தது. துபோனே இறந்த பிறகும் குடும்பத்தார் வியாபாரத்தைப் பெருக்கினார்கள். 1932இல் கசாந்தர் என்ற ஓவியர் வரைந்த விளம்பரத்தில், ஒரு மனிதர் குடிக்கக் குடிக்க அவர் உடம்பில் நிறம் ஏறும். மெத்ரோ சுரங்கச் சுவர்களிலும் துபோனேயின் பெயர் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் மகாராணி அதை ஜின்னோடு கலந்து விரும்பிக் குடித்தவர்.

இதைப் பரிமாறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. போத்தல் குளிர்ந்திருக்க வேண்டும். சிறிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, ஐஸ்கட்டியோடு ஒரு எலுமிச்சைத் தோலையோ தோடம்பழத் துண்டையோ போடுவார்கள். பக்கத்தில் ஒலிவ் காய், உப்புக் கச்சான். முதலில் மணக்க வேண்டும், பிறகு ஒரு சிறு மிடறு. நாக்கின் நுனியில் இனிப்பு நிற்கும். விழுங்கிய பின் தொண்டையடியில் கசப்பு எழும். கசப்பு வாயில் நீரூறச் செய்து பசியைக் கிளப்பும் என்பதால்தான் சாப்பாட்டுக்கு முன் கொடுக்கிறார்கள். திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசனை போய்விடும். இன்று அதிலுள்ள குயினைன் சுவைக்கு மட்டுமே. அது காய்ச்சலுக்கு மருந்தாகாது.

அந்தக் கசப்பு எங்கள் நாட்டுக்கும் வந்தது. சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கவே 1861இல் ஆங்கிலேயர் ஹக்கலத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் நுழைந்தபோது அல்லைப்பிட்டிச் சனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிக் கொட்டில்களில் இருந்தவர்களை மலேரியா வாட்டியது. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கிடைத்த குளிசையைச் சீனியோடு பொடித்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்தான்.

துபோனே ஒரு கெட்டிக்கார வியாபாரி. நோயாளியின் நாக்கை அவர் புரிந்துகொண்டார். ஆனால் அவர் பானத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் நோயாளி, இன்னொருவர் மண்ணுக்குள் புகுந்த படையின் சிப்பாய். படை நிலைத்து நிற்பதற்காக அதன் மருந்தில் இனிப்புச் சேர்க்க ஓர் அரசு அக்கறைப்பட்டது. ஊரை இழந்து மரத்தடியில் காய்ச்சலில் கிடந்த சனத்துக்கு அந்தக் கசப்பே தட்டுப்பாடாக இருந்தது. பாரிஸில் அந்தக் கிளாஸைக் கொண்டுபோய் வைப்பவர்களில் அந்தச் சனத்தின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.