கரியில் பஸ் ஓட்டிய சுந்தரம் ஐயங்கார்

மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் இன்று எல்லாருக்கும் பஸ் நிலையம்தான் நினைவுக்கு வரும். 1999ஆம் ஆண்டில் அங்கே பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இரவும் பகலும் பஸ்களின் இரைச்சல் ஓயாத இடம் அது. ஆனால் அதன் பெயரில் பஸ் இல்லை; மாடுதான் இருக்கிறது. தாவணி என்பது மாடுகளைக் கட்டி வைத்து விற்கும் திடல். வண்டி மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாட்டு வண்டி போன சாலையில் மோட்டார் வண்டியை ஓட்டி, தென்பாண்டி நாட்டின் போக்குவரத்தையே மாற்றிய பெருமை சிலருக்கு உண்டு. அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த எழுத்துக்களுக்கு உரியவர் பட்ட பாடும், செய்த துணிவும் பலருக்குத் தெரியாது.

வக்கீல் தொழில் பிடிக்கவில்லை

திருநெல்வேலி ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி கோயிலால் புகழ் பெற்ற ஊர். டி.வி.எஸ். என்பதில் முதல் எழுத்து இந்த ஊரைக் குறிப்பதுதான். 1877ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் தேதி சுந்தரம் பிறந்தார்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அக்காலத்தில் படித்த குடும்பங்களில் எல்லாருக்கும் இருந்த ஆசைதான் அது. தந்தையின் சொல்லைத் தட்டாமல் அவரும் வக்கீல் தொழிலில் இறங்கினார். மனம் அதில் ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதையும் விட்டு ஒரு பாங்கியில் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம், கௌரவமான நாற்காலி. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஐயங்கார் உட்காரவில்லை. 1911ஆம் ஆண்டில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. குடும்பஸ்தர். கையில் இருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, நாட்டில் அநேகர் கண்ணால் கூடப் பார்த்திராத மோட்டாரை நம்பி இறங்குவது என்றால் சாதாரணக் காரியமா?

35 மைல் தூரம்

1912ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. தஞ்சாவூர் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த ஜில்லா. புதுக்கோட்டை மகாராஜாவின் சமஸ்தானம். அந்த சமஸ்தானத்துக்கு அப்போது ரயில் கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 35 மைல். மாட்டு வண்டி மணிக்கு இரண்டரை மைல் போனால் அதிகம். விடியற்காலையில் வண்டி பூட்டினாலும், மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, மீண்டும் பூட்டிப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும்.

அந்தத் தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்கலாம் என்றபோது ஜனங்கள் மலைத்தார்கள். மோட்டார் சாலைகள் அப்போது கிடையாது. இருந்தவை மாட்டு வண்டிக்காகப் போட்ட பாதைகள். வழியில் பெட்ரோல் கடை இல்லை. வண்டி நின்றுவிட்டால் பழுது பார்க்க ஆளும் இல்லை. ஓட்டுகிறவரேதான் இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்.

கூண்டு கட்டும் வித்தை

அந்தக் காலத்து பஸ் எப்படி உருவாயிற்று என்பதே ஒரு சுவையான கதை. முழு பஸ்ஸாக எதுவும் கப்பலில் வந்து இறங்கவில்லை. எஞ்சின், சக்கரங்கள், இவற்றைத் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டம், இவ்வளவுதான் சீமையிலிருந்து வந்தன. இதற்குச் சாசி என்று பெயர். இதன் மேல் என்ன கட்டுவது என்பது வாங்கியவரின் விருப்பம். சுற்றிலும் பலகை அடித்தால் லாரி. பெஞ்சுப் பலகை போட்டுக் கூரை வேய்ந்தால் பஸ். வளைவுகளை நிறுத்திக் கான்வாஸ் துணி போர்த்தினால் சாமான் வண்டி. எலும்புக்கூடு ஒன்றுதான்; வேஷம்தான் வேறு.

அக்காலத்து மோட்டார் கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் இரும்புக் கூரை கிடையாது. கான்வாஸ் துணியாலான கூரைதான். வெயில் வந்தால் விரிப்பார்கள். மாலையில் காற்று வேண்டுமென்றால் மடக்கிப் பின்னால் வைப்பார்கள். பஸ்களிலும் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. பக்கங்களில் படுதா சுருட்டிக் கட்டியிருக்கும். மழை தூறினால் கண்டக்டர் அதை அவிழ்த்துவிடுவார். உள்ளே இருட்டாகும், புழுங்கும். ஆனால் நனையாமல் ஊர் போய்ச் சேரலாம்.

சாசியின் மேல் உடல் அமைக்கும் இந்த வேலைக்கு நம்மவர்கள் கூண்டு கட்டுவது என்று பெயர் வைத்தார்கள். குதிரை வண்டியும் கூண்டு வண்டியும் செய்து பழகிய தச்சர்களும் கொல்லர்களும் தோல் தைப்பவர்களும் மோட்டாருக்கு வந்தார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனிகூட ஆதியில் குதிரைக் கோச்சு வண்டி செய்துவந்த கம்பெனிதான். இன்று பஸ் கூண்டுக்குக் கரூரும் லாரிக் கூண்டுக்கு நாமக்கல்லும் பெயர் பெற்று விளங்குகின்றன. அந்தத் தொழிலுக்கு வேர் இந்த மர வேலைக்காரர்களின் கைகளில்தான் இருக்கிறது.

வண்டியை வாங்கி ஓட்டினால் மட்டும் போதாது. அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் மாற்றவும் தெரிய வேண்டும். ஐயங்காரின் ஸ்தாபனம் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. பஸ் ஓட்டிய கம்பெனி, வண்டி விற்கும் கம்பெனியாகவும் பழுது பார்க்கும் கம்பெனியாகவும் வளர்ந்தது இதனால்தான்.

கடிகாரம் போல ஓடிய பஸ்

மதுரை அவருடைய தலைமை ஊர் ஆயிற்று. சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. அந்நாளில் வேறு பல பஸ்கள் ஆள் சேர்ந்தால்தான் புறப்படும். பத்துப் பேர் ஏறும் வரை டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். டி.வி.எஸ். பஸ் அப்படியல்ல. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். அந்த பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

சாலையில் மாட்டு லாடத்து ஆணிகள் சிதறிக் கிடக்கும். அவை டயரைக் குத்தி வண்டியை நிறுத்திவிடும். ஆணிகளைப் பொறுக்குவதற்காகக் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. நேரம் தவறக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்புக்கு அந்தக் கதையே சான்று.

மகளின் வாழ்வு

வெளியே பேர் வளர்ந்துகொண்டிருந்தபோது வீட்டில் பெரிய துயரம் நேர்ந்தது. மகள் சௌந்தரத்தை வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் செய்து கொடுத்திருந்தார்கள். மருமகன் ஒரு டாக்டர். 1925இல் அவர் காலமானார். அக்கால வழக்கப்படி அந்த இளம் பெண்ணின் வாழ்வு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியவில்லை. சௌந்தரம் டில்லி சென்று லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936இல் டாக்டர் ஆனார். அங்கே காந்தியடிகளின் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், அதுவும் சாதி கடந்த மணம். வீட்டில் எளிதில் இசைவு கிடைக்கவில்லை. 1940 நவம்பரில் காந்தியடிகளே அந்தத் திருமணத்தை நடத்தி வைத்தார். சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

பெட்ரோல் நின்றது

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. இந்தியாவுக்கு எண்ணெய் கொடுத்து வந்த நாடுகளில் பர்மா முக்கியமானது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா எண்ணெயும் நின்றது. கிடைத்த பெட்ரோல் ராணுவத்துக்கே முதலில் போயிற்று.

பஸ் முதலாளிகள் திகைத்துப் போனார்கள். வண்டிகளைக் கொட்டகையில் ஏற்றி, கட்டை வைத்து நிறுத்திவிடுவது ஒரு வழி. நஷ்டம் குறையும். ஆனால் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று பஸ்ஸை நம்பிய குடும்பங்கள் என்ன ஆவது? முப்பது ஆண்டுகளாக பஸ்ஸுக்குப் பழகிப் போன கிராமத்து ஜனங்கள் மறுபடியும் மாட்டு வண்டிக்குப் போவதா? கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கதி என்ன?

ஐயங்காருக்கு அப்போது வயது 65. ஓய்வு எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவரோ வண்டியை நிறுத்துவதற்குப் பதிலாக வண்டியை மாற்றுவது என்று முடிவு செய்தார். அப்படிப் பிறந்ததுதான் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்.

அடுப்பைச் சுமந்த பஸ்

பெட்ரோல் எஞ்சினை மரக்கரியால் ஓட்டுவது எப்படி? கரி நன்றாக எரிந்தால் கரியமில வாயு வரும். அது மேற்கொண்டு எரியாது, எஞ்சினுக்கு உதவாது. காற்றைக் குறைத்து அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அது எரியக் கூடியது. அதை எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் ஆவியைப் போல வெடித்து, பிஸ்டனைத் தள்ளும். இதுதான் தத்துவம்.

இதற்காக பஸ்ஸின் பின்புறம் இரும்பு உருளை ஒன்றை ஏற்றினார்கள். மேல் வாயில் கரியைக் கொட்டி மூடிவிடுவார்கள். அடியில் தணல். அங்கிருந்து வரும் சூடான வாயு குழாய்களில் ஓடி ஆறும். தூசும் சாம்பலும் எஞ்சினுக்குள் போய்விட்டால் உருளையைத் தேய்த்துவிடும். ஆகையால் வழியில் வடிகட்டி. கடைசியில் தேவையான காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் நுழையும். கட்டிய கூண்டை வெட்டி அடுப்புக்கு இடம் செய்து, குழாய்களை வளைத்து, பாரத்தைச் சரி பார்த்துப் பொருத்துவதில் பட்டறைக்காரர்களின் திறமை வெளிப்பட்டது.

சிரமம் கொஞ்சமல்ல. புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே தணல் போட வேண்டும். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவார். வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் கலந்திருப்பதால் எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். மேடு வந்தால் வண்டி முனகும். பிரயாணிகள் இறங்கித் தள்ளிய வேடிக்கைகளும் உண்டு. அந்த வாயு மணமற்ற விஷம். மூடிய கொட்டகையில் பரவினால் ஆளைக் கொன்றுவிடும். இத்தனை எச்சரிக்கையோடு அந்தக் கரி பஸ்கள் ஓடின. வெளுத்த வேட்டியோடு ஏறியவர் கரிப் புள்ளிகளோடு இறங்கினார். ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்.

பெட்ரோலைப் போலவே டயருக்கும் பஞ்சம் வந்தது. மலாயாவும் ஜாவாவும் ஜப்பானியரிடம் விழுந்ததால் ரப்பர் கிடைக்கவில்லை. தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல், மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட்டும் தொழிலையும் ஐயங்கார் தொடங்கினார். யுத்தம் முடிந்தது. பெட்ரோல் திரும்ப வந்தது; அடுப்புகள் இறங்கின. டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலோ நிலைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு வழி விட்டார்

அவருடைய ஸ்தாபனங்களில் ஒன்றான சுந்தரம் மோட்டார்ஸ், 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் முதன்மையாக விளங்கியது. இவ்வளவு பெரிய அதிகாரம் கையில் இருந்தும், கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. உரிய காலத்திலேயே பொறுப்புக்களைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, கொடைக்கானல் இல்லத்தில் தூக்கத்திலேயே அவருடைய உயிர் பிரிந்தது. வயது 78. 1957 ஆகஸ்ட் 7ஆம் தேதி மதுரையில் அவருடைய சிலையை, அப்போது சென்னை ராஜ்யத்தின் தொழில் மந்திரியாக இருந்த ஆர்.வெங்கட்ராமன் திறந்து வைத்தார்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் நடத்திவந்த தொழிற்சாலையை மூடிவிட்டது. அயல்நாட்டு வண்டியை விற்றே காலம் தள்ள முடியாது என்ற நிலை வந்தது. பிள்ளைகள் கலங்கவில்லை. வண்டிக்கு வேண்டிய சக்கரம், பிரேக், மின்சாதனம் ஆகியவற்றை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1960க்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1972இல் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். பெயர் பஸ்ஸிலிருந்து இறங்கியது. 1980இல் அதே பெயர் ஒரு சிறு மொபெட்டில் ஏறிப் பால்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் போய்ச் சேர்ந்தது.

மரத்தில் கட்டிய கூண்டு போய் இரும்புக் கூண்டு வந்துவிட்டது. படுதா போய்க் கண்ணாடி வந்துவிட்டது. கரி அடுப்பைக் கண்டவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். ஆனால் இருப்பதை வீசி எறியாமல் மாற்றி அமைத்து, எப்படியும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறதே, அதுதான் சுந்தரம் ஐயங்கார் விட்டுச் சென்ற ஆஸ்தி. நெருக்கடி வந்ததும் கையை விரிப்பவர்களுக்கு, 65 வயதில் பஸ்ஸின் முதுகில் அடுப்பை ஏற்றிய அந்தக் கிழவரின் வாழ்வு என்றைக்கும் ஒரு பாடம்.