டான் ஹட்சன்

டொனால்ட் மான்ட்கோமரி ஹட்சன் (ஜனவரி 31, 1913 – ஜூன் 26, 1997) புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். 1935 முதல் 1945 வரை பதினொரு பருவங்கள் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக, தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் (என்எஃப்எல்) ஆடினார். எறியப்படும் பந்தை ஓடிச்சென்று பிடிக்கும் வைட் ரிசீவர் என்னும் ஆட்டநிலைக்கு இன்றைய வடிவம் தந்தவராக இவர் கருதப்படுகிறார். இவர் காலத்தில் அந்நிலை 'எண்ட்' எனப்பட்டது. இங்கு காற்பந்து எனப்படுவது, உலகின் பெரும்பகுதியில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடுவது.

இளமை

ஹட்சன் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் பிறந்தார். அலபாமா பல்கலைக்கழக அணியில் ஆடியபோது அவரது வேகத்தைக் கண்டு 'அலபாமா மான்' என்று அழைத்தனர். அவ்வணியின் மற்றொரு முனையில் ஆடியவர், பின்னாளில் பெரும் பயிற்சியாளராக விளங்கிய பேர் பிரையண்ட் ஆவார். 1935 சனவரி 1 அன்று நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமா ஸ்டான்போர்டை 29-13 என வென்றது. ஹட்சன் அதில் இரண்டு டச்டவுன்கள் எடுத்தார்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1936இல்தான் தொடங்கியது. எனவே ஹட்சனை எந்த அணியும் ஒப்பந்தம் செய்யலாம் என்ற நிலை இருந்தது. அவரோ கிரீன் பே, புரூக்ளின் ஆகிய இரு அணிகளின் ஒப்பந்தங்களிலும் கையொப்பமிட்டுவிட்டார். கூட்டமைப்பின் தலைவர் ஜோ கார், எந்த உறையில் அஞ்சல் முத்திரை முந்தியது எனப் பார்த்துக் கிரீன் பே அணிக்கே அவரை அளித்தார். புரூக்ளின் எறிந்து ஆடுவதில் நாட்டமில்லாத அணி. கிரீன் பேயின் பயிற்சியாளர் கர்லி லாம்போ அதில் பெருவிருப்பம் கொண்டவர். முத்திரை மாறியிருந்தால் இவ்வாட்டத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஆட்ட வாழ்க்கை

1935 செப்டம்பர் 22 அன்று சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நகர்விலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தைப் பிடித்து 83 யார்டு டச்டவுன் எடுத்தார். கிரீன் பே 7-0 என வென்றது. அந்த ஏழு புள்ளிகளும் அந்த ஒரு நகர்வால் வந்தவையே. குறித்த தடத்தில் ஓடித் திடீரெனத் திரும்புவது, நின்று ஏமாற்றி மீண்டும் பாய்வது முதலிய ஓட்டமுறைகள் பலவற்றை வகுத்தவர் இவரே என்பர். ஒருவரால் இவரைத் தடுக்க இயலாமையால் எதிரணிகள் இருவரையும் மூவரையும் நிறுத்தின.

இவரது சிறந்த பருவம் 1942 ஆகும். அப்பருவத்தின் 11 ஆட்டங்களில் 74 பிடிப்புகள், 1,211 யார்டுகள், 17 டச்டவுன்கள் எடுத்தார். ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டுகளைக் கடந்த முதல் ரிசீவர் இவரே. 1941, 1942 ஆகிய இரு ஆண்டுகளிலும் கூட்டமைப்பின் சிறந்த வீரராகத் தேர்வானார். கிரீன் பே 1936, 1939, 1944 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது.

அக்கால வீரர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடினர். ஹட்சன் தடுப்பாளராக 30 முறை எதிரணியின் எறிதலை இடைமறித்தார். இக்கணக்கு 1940 முதலே வைக்கப்பட்டதால் உண்மைத் தொகை இதனினும் கூடுதலாக இருக்கலாம். டச்டவுனுக்குப் பிந்தைய உதைகளையும் அவரே உதைத்தார். 1945 அக்டோபர் 7 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஒரே கால்பகுதியில் நான்கு டச்டவுன்களும் ஐந்து உதைகளுமாக 29 புள்ளிகள் பெற்றார்.

பிற்கால வீரர்களோடு ஒப்பீடு

ஹட்சன் 116 ஆட்டங்களில் 488 பிடிப்புகள், 7,991 யார்டுகள், 99 டச்டவுன்கள் எடுத்து ஓய்வு பெற்றார். ஜெரி ரைஸ் 303 ஆட்டங்களில் 1,549 பிடிப்புகள், 22,895 யார்டுகள், 197 டச்டவுன்கள் எடுத்தார். மொத்தத் தொகையைப் பார்த்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆனால் ஹட்சன் காலத்தில் ஒரு பருவத்திற்கு 10 முதல் 12 ஆட்டங்களே. ஆட்டத்திற்கு இத்தனை டச்டவுன் எனக் கணக்கிட்டால் ஹட்சன் 0.85, ராண்டி மாஸ் 0.72, ரைஸ் 0.65 என வரிசை தலைகீழாகிறது. ரைசின் நீண்ட வாழ்க்கையின் இறுதி ஆண்டுகள் அவரது சராசரியைக் குறைத்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு பருவத்தை மட்டும் எடுத்தால், 1987இல் 12 ஆட்டங்களில் 22 டச்டவுன்கள் எடுத்த ரைஸ் ஹட்சனின் 1942ஐ விஞ்சுகிறார்.

யாரை எதிர்த்து ஆடினார் என்பதே கடினமான வினா. 1934 முதல் 1945 வரை கூட்டமைப்பில் கறுப்பின வீரர் ஒருவருக்கும் இடமளிக்கப்படவில்லை. ஹட்சனின் முழு ஆட்டக்காலமும் இதற்குள் அடங்குகிறது. 1942க்குப் பின் வீரர்கள் பலர் போருக்குச் சென்றனர். 1943இல் பிட்ஸ்பர்க், பிலடெல்பியா அணிகள் ஒன்றாக இணைந்து ஆட நேர்ந்தது. போர்க்காலத்தில் அவர் குவித்த எண்களை முழு மதிப்பில் ஏற்பது இயலாது.

எனினும் போரைக் கொண்டு மட்டும் அவரைக் குறைத்து மதிப்பிடுவதும் பொருந்தாது. 1936, 1937, 1939, 1941 ஆகிய போருக்கு முந்தைய பருவங்களிலும் பிடிப்புகளில் அவரே முதலிடம் பெற்றார். 1978இல் தடுப்பாளர்களின் கைகளைக் கட்டிப்போட்ட விதிமாற்றத்தின் பயனும் அவருக்குக் கிட்டவில்லை. 99 டச்டவுன்கள் என்ற சாதனையை 1989இல்தான் ஸ்டீவ் லார்ஜென்ட் முறியடித்தார். எண்களால் ரைசும், தம் காலத்தவரை விட்டு விலகி நின்ற தொலைவால் ஹட்சனும் முன்னிற்கின்றனர் எனலாம்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் கிரீன் பேயில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் மகிழுந்து விற்பனை நிலையம் நடத்தினார். அவர் அணிந்த 14ஆம் எண்ணை 1951இல் கிரீன் பே வேறெவருக்கும் வழங்காமல் நிறுத்தியது. 1963இல் தொழில்முறைக் காற்பந்துப் புகழவையின் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார். 1994இல் திறக்கப்பட்ட கிரீன் பே அணியின் உள்ளரங்கப் பயிற்சிக்கூடம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் நகரில் தமது 84ஆம் வயதில் காலமானார்.